நான் அடித்துவிட்ட நான்காவது அளவு

2009-ஆம் வருடம், மாசி மாதம். நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வக ஆசிரியை. என் தம்பி கடலூர் முதுநகரில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன ஒர்க் ஷாப் வைத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கையில் கண்ணாடிக் குழாயைப் பிடித்துக்கொண்டு பஸ் பிடித்து நான் கடலூருக்கு ஓடியதை இன்று நினைத்தாலும் ஒரு பெருமூச்சு வருகிறது. அப்பாடா என்கிற பெருமூச்சுதான்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆய்வகத்தில் மாணவர்கள் எனக்கு வைத்திருந்த பெயர் 'பாயிண்ட் ஒன்'. அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயான பியூரெட்டில் ஒரு பாயிண்ட் தள்ளிப் படித்தாலும் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன். அந்தப் பெயர் என் காதுக்கு வந்தபோது நான் கோபப்படவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. அளப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்ற நினைப்பு அப்போது எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

தம்பி, ஒரு கார் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் நல்ல வேலையில் இருந்தவன். ஆயில் மாற்றி பில் போடுவதற்கா படித்தேன் என்று ஒருநாள் விட்டுவிட்டு வந்துவிட்டான். பந்தயத்துக்கு ஓடும் கார்களின் என்ஜினைப் பிரித்துப் புதுசாகக் கட்டித் தருவதுதான் அவன் ஆசை. கடலூரில் பந்தயக் கார் எங்கேடா இருக்கு என்று வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. துபாயில் இருக்கும் பெரியப்பா மகன் மூலமாக அங்கே ஒரு கேரேஜில் வேலைக்கு ஏற்பாடு செய்து, தம்பியின் பாஸ்போர்ட்டையும் வாங்கி ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டார். தம்பி மன்றாடியதில் ஒரே ஒரு சலுகை கிடைத்தது.

"மொதல் என்ஜின கட்டிக் குடு. அது நல்லா ஓடினா நீ இங்கயே இரு. ஒடஞ்சிதுன்னா சித்திரையில கெளம்பிடணும்" என்றார் அப்பா. சொன்னால் சொன்னதுதான், அவர் சுபாவம் அப்படி.

அந்த முதல் என்ஜின், புதுச்சேரியிலிருந்து ஒருவர் கொண்டுவந்த பழைய வெள்ளைக் காருடையது. சென்னைப் பக்கம் நடக்கும் பந்தயங்களில் ஓட்டுகிறவர். சின்ன கார்தான், ஆனால் வேகம் வேண்டும் என்றார். அதற்கான நான்கு பிஸ்டன்களைத் துபாய் அண்ணன் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். இன்னொரு செட் வேண்டுமென்றால் அவர் அடுத்த லீவுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கம்ப்ரஷன் ரேஷியோ என்ற வார்த்தையை அப்போதுதான் தம்பி எனக்குப் புரியும்படி சொன்னான். பிஸ்டன் கீழே இருக்கும்போது சிலிண்டருக்குள் மொத்தம் எவ்வளவு இடம், அது மேலே ஏறி நிற்கும்போது எவ்வளவு இடம் மிச்சம் என்பதன் விகிதம்தான் அது. பத்துப் பங்கு காற்றும் பெட்ரோலும் நசுங்கி ஒரு பங்கு ஆனால் பத்துக்கு ஒன்று. நசுக்கம் குறைந்தால் வண்டிக்கு வேகம் இருக்காது. அதிகமானால், தீப்பொறி வருவதற்கு முன்னாலோ தீப்பிடித்த உடனேயோ மிச்சப் பெட்ரோல் தானாக வெடிக்கும். டக் டக் என்று சுத்தியல் அடி மாதிரி கேட்கும், கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் மண்டை உடைந்துவிடும். நம் ஊர் பங்க்கில் கிடைக்கிற பெட்ரோலுக்குப் பத்துக்கு மேல் போகவே கூடாது என்று அவன் கணக்குப் போட்டிருந்தான்.

மிச்ச இடத்தில் பெரும்பகுதி, மேலே மூடுகிற 'ஹெட்' என்கிற பாகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேலே ஹெட்டில் ஒரு குழி. நான்கு சிலிண்டருக்கு நான்கு குழி. அந்தக் குழிக்குள் எத்தனை மில்லி பிடிக்கும் என்று தெரிந்தால், மற்றதையெல்லாம் கூட்டிக் கணக்குப் போட்டுவிடலாம்.

"மில்லி கணக்குன்னா அது உன் டிபார்ட்மெண்ட்டுக்கா. ஒரு பியூரெட் எடுத்துக்கினு வாயேன்" என்றான்.

கேட்க வேண்டுமா. கல்லூரியில் கையெழுத்துப் போட்டு ஒரு பியூரெட்டையும் ஸ்டாண்டையும் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கணவரோடு முதுநகர் போனேன். ஹெட்டைக் குப்புறப் போட்டு வைத்திருந்தான். குழியின் மேல் ஓட்டை போட்ட கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தகட்டைக் கிரீஸ் தடவி ஒட்டி, பியூரெட்டில் ஸ்பிரிட்டையும் ஒரு சொட்டு நீல மையையும் கலந்து நிரப்பி, ஓட்டை வழியாக மெதுவாக விட்டேன். குழி நிரம்பியதும் நிறுத்திப் படித்தேன். முதல் குழி 30.6. இரண்டாவது 30.6. மூன்றாவது 30.5. பக்கத்துத் தெருவில் லேத் பட்டறை வைத்திருந்த லால்பேட்டைக்காரர், நாங்கள் பாய் என்று கூப்பிடுபவர், வாய் பார்த்துக்கொண்டு நின்றார். ஹெட்டின் முகத்தைச் சமமாக இழைத்துக் கொடுத்தது அவர்தான். "ஒரு பாயிண்ட்தான் வித்தியாசம். பட்டறை வேலை சுத்தம்" என்று அவரிடம் நான் நற்சான்றிதழ் வேறு கொடுத்தேன்.

நான்காவது குழி 27.0 காட்டியது.

தகட்டின் ஓரத்தில் ஒரு காற்றுக்குமிழி தெரிந்தது. அதே நேரம் வெளியே என் கணவர் வண்டி ஹாரனை அழுத்தினார். அண்ணாகிராமத்தில் அவர் பக்கத்து உறவில் ஒரு நிச்சயதார்த்தம், பத்தரைக்குள் போக வேண்டும். "மச்சான், உன் அக்காவ அனுப்பி வுடுப்பா, அங்க தட்டு மாத்திடுவாங்க" என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

"அக்கா, இத மட்டும் இன்னொரு தடவ பாத்துடலாமா?" என்றான் தம்பி.

"வேணாம்டா. குமிழி மாட்டியிருக்கு. மூணு ஒண்ணா வந்தா அதான் கன்கார்டன்ட் வேல்யூ. ஒட்டாத ரீடிங்க தூக்கிப் போடறதுதான் லேப்ல வழக்கம்" என்றேன். சொல்லிவிட்டு அவன் நோட்டில் 27.0 என்பதை நானே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 30.6 என்று எழுதினேன். பட்டுப்புடவையில் கிரீஸ் படாமல் வெளியே வருவதுதான் அந்த நிமிடத்தில் என் ஒரே கவலையாக இருந்தது.

அந்த 30.6-ஐ நம்பி, பத்துக்கு ஒன்று வரும்படி ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வைக்கும் காஸ்கெட் எவ்வளவு தடிமனில் வேண்டும் என்று தம்பி கணக்குப் போட்டான். பாய் அதே தடிமனில் செப்புத் தகட்டை வெட்டிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் என்ஜின் வண்டியில் ஏறிவிட்டது. சனிக்கிழமை மதியம் கார்க்காரர் வந்து எடுத்துக்கொண்டு போகப் போகிறார், அதற்கடுத்த வாரம் ஞாயிறு பந்தயம் என்று தம்பி போனில் சொன்னான். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சனிக்கிழமை காலை எனக்கு ஆய்வகம் இருந்தது. இளங்கலை மாணவிகளுக்கு டைட்ரேஷன். பதினொரு மணி வாக்கில் ஒரு பெண் அளவுகளை எழுதிக்கொண்டு வந்து நீட்டினாள். 9.8, 9.8, 9.8, நான்காவது 11.2. வழக்கம்போல் சிவப்புப் பேனாவால் 11.2-ஐ அடித்தேன். எப்போதும் அடித்ததும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இவள் போகவில்லை.

"மேடம், அந்த நாலாவத நான் தப்பா படிக்கல. பாட்டில்ல தீந்துபோச்சுன்னு வேற பாட்டில்லருந்து ஊத்தினாங்க. அது வேற சொல்யூஷன் மேடம்" என்றாள் பயந்துகொண்டே.

"வேற சொல்யூஷன்னா வேற ரீடிங்தான் வரும்" என்று எரிச்சலோடு சொல்லிக்கொண்டே அடுத்த நோட்டை இழுத்தேன். சொன்ன வார்த்தை என் காதிலேயே விழுந்து, கை அப்படியே நின்றுவிட்டது.

டைட்ரேஷனில் ஒரே கரைசலைத்தான் திரும்பத் திரும்ப அளக்கிறோம். அதில் ஒன்று மட்டும் மாறினால் நம் கைத்தப்புதான், தூக்கிப் போடலாம். ஆனால் முதுநகரில் நான் ஒரு குழியை நான்கு தடவை அளக்கவில்லை. நான்கு குழிகளைத் தலா ஒரு தடவை அளந்தேன். மூன்று குழிகள் ஒத்துப்போவதால் நான்காவதும் அவற்றைப் போலவே இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. பதினான்கு வருடமாக அடித்துப் பழகிய கை, யோசிக்காமல் அடித்துவிட்டது.

ஒரு தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 27.0 உண்மை என்றால் அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் பதினொன்றுக்கு ஒன்று. பத்துக்கு மேல் போகவே கூடாது என்று தம்பி சொல்லியிருந்தான்.

தம்பிக்குப் போன் செய்தேன். அடித்து அடித்து ஓய்ந்தது. வேலை நேரத்தில் போனை எங்கேயாவது ஸ்பேனர் பெட்டிக்குள் போட்டுவிடுவான். நெய்வேலியில் வேலையில் இருந்த கணவருக்குப் போட்டேன். "போன் எங்க இருக்குதுன்னு மச்சானுக்கே தெரியாது. நீ நேர்ல போயிடு, அதான் நல்லது" என்றார். பாயின் நம்பரை வாங்கி வைக்கவில்லை. ஆய்வகத்தை இன்னொரு ஆசிரியையிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு பியூரெட்டைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

அந்தச் சமயம் ரயில் பாதையை அகலமாக்கும் வேலை நடந்ததால் ரயில் கிடையாது. கூட்டம் மொத்தமும் பஸ்ஸில்தான். நிற்கத்தான் இடம் கிடைத்தது. ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் பியூரெட். பிரேக் போடும்போதெல்லாம் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். பக்கத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, "இன்னாம்மா அது, புல்லாங்குழலா?" என்றார். "கண்ணாடிம்மா. ஒடஞ்சா வேலை கெட்டுடும்" என்றேன். அவர் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, கூடையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நின்றார்.

உட்கார்ந்ததும்தான் கண்ட யோசனையும் வந்தது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். பரங்கிப்பேட்டைக்குப் பிரிகிற ரோடு தாண்டும்போது, யாருக்கு இது தெரியப்போகிறது என்று தோன்றியது. பிஸ்டன் உடைய ஆயிரம் காரணம் உண்டு. பெட்ரோல் சரியில்லை, ஓட்டியவர் சரியில்லை, சாமானே சரியில்லை என்று ஏதாவது சொல்லிக்கொள்வார்கள். நோட்டில் அடித்திருக்கிற ஒரு கோட்டை யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள். புதுச்சத்திரம் வந்தபோது யோசனை கொஞ்சம் நல்ல பிள்ளை ஆனது. போய்ச் சொல்லலாம், ஆனால் என் தப்பு என்று சொல்லவேண்டாம், ஏதோ ஒரு சின்ன சந்தேகம், பிரித்துப் பார்த்துவிடலாம் என்று மட்டும் சொன்னால் போதும். ஆலப்பாக்கம் தாண்டியபோது அப்பா ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்த அன்று தம்பி சாப்பிடாமல் எழுந்து போனது ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் யோசிக்க ஒன்றுமில்லை. வண்டி இன்னும் கிளம்பியிருக்கக் கூடாது, அது போதும் என்று இருந்தது.

முதுநகரில் இறங்கித் தெருவுக்குள் ஓடினேன். ஒர்க் ஷாப் கண்ணில் படுவதற்கு முன்னால் என்ஜின் சத்தம் காதில் விழுந்தது.

வெள்ளைக் கார் வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்து நின்றது. கார்க்காரர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். தம்பி முன்பக்கம் கை வைத்து, கண்ணை மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

"அக்கா, கேளேன். இன்னா அழகா நிக்குது பாரு" என்றான் என்னைப் பார்த்ததும்.

"ஆஃப் பண்ணுடா" என்றேன். மூச்சு வாங்கியது. "நாலாவது சிலிண்டர் அளவு தப்பு. குழி 27தான் காட்டிச்சு. நான்தான் அத அடிச்சிட்டு 30.6-ன்னு எழுதினேன். தப்பு என்னுது."

கார்க்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "இன்னா மேடம் சொல்றீங்க? ஒரு பிசிறு இல்லாம ஓடுது. இத ஏன் பிரிக்கணும்?"

"சும்மா நின்னு ஓடும்போது ஒண்ணும் தெரியாது சார். நீங்க ரோட்டுல மிதிக்கும்போதுதான் நாலாவது பிஸ்டன் அடி வாங்கும்."

"நிச்சயமா தெரியுமா ஒங்களுக்கு?"

பாயிண்ட் ஒன் என்று பெயர் எடுத்தவள், வாழ்க்கையில் முதல் முறையாக அளவு விஷயத்தில் தெரியாது என்று சொன்னேன். "தெரியாது சார். பிரிச்சு அளந்தாதான் தெரியும்."

என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி என் முகத்தைப் பார்த்தான், நான் கையில் பிடித்திருந்த பொட்டலத்தைப் பார்த்தான். ஜன்னல் வழியாகக் கையை விட்டு என்ஜினை அணைத்து, சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"சார், இன்னிக்கு வண்டி தர முடியாது" என்றான்.

கார்க்காரர் கோபமாக இறங்கினார். மொதல் வேலையே இப்படியா, நான் ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்று சத்தம் போட்டார். அவர் சொன்னதெல்லாம் நியாயம்தான். தம்பி பானெட்டைத் திறந்தான். கொஞ்ச நேரம் கத்திவிட்டு அவர் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தார். "அளந்து காட்டுங்க. நானும் பாக்குறேன்" என்றார்.

சூடு ஆறாமல் ஹெட்டைக் கழற்றக் கூடாதாம், வளைந்துவிடும். அந்த மூன்று மணி நேரம் இருக்கிறதே, அதை நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. பாய் வந்து டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். தம்பி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. நடுவில் ஒரு விசித்திரமான பயம் வேறு பிடித்துக்கொண்டது. நான்காவது குழி நிஜமாகவே 30.6 இருந்துவிட்டால்? அன்று குமிழிதான் காரணம் என்றாகிவிட்டால்? நன்றாக ஓடிய என்ஜினை ஊர் பார்க்கப் பிரிக்கவைத்தவள் ஆகிவிடுவேன். குறை உண்மையாகவே இருக்கவேண்டும் என்று நான் சாமியை வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு வேண்டுதல் அந்தச் சாமிக்கே புதுசாக இருந்திருக்கும்.

சாயங்காலம் நான்கரைக்கு ஹெட்டைக் கழற்றிக் குப்புறப் போட்டான். பியூரெட்டில் ஸ்பிரிட்டை நிரப்பினேன். தகட்டைப் பதித்து, குமிழி இல்லை என்று டார்ச் அடித்துப் பார்த்து, சொட்டுச் சொட்டாக விட்டேன். 27.0. துடைத்துவிட்டு மறுபடி விட்டேன். 27.0. மூன்றாவது தடவை 27.1. இந்த முறை ஒரே குழியைத்தான் மூன்று தடவை அளந்தேன்.

பாய் டார்ச்சை வாங்கிக் குழிக்குள் சாய்த்துப் பிடித்தார். பிளக் மாட்டும் ஓட்டையைச் சுற்றி உலோகம் லேசாக மேடு தட்டி, வேறு நிறமாக இருந்தது.

"இங்க பாருங்க டீச்சர். எப்பவோ விரிசல் வுட்டிருக்கு. யாரோ வெல்டிங் வெச்சி அடைச்சிட்டு, மேலாக்க ராவி வுட்டுட்டாங்க. அந்த ஒட்டுதான் எடத்த அடைச்சிக்கினு நிக்குது" என்றார். அப்புறம் தயங்கி, "அன்னிக்கு நோட்டுல நீங்க அடிச்சத நானும் பாத்தேன். டீச்சரே அடிச்சிருக்காங்கன்னா சரியாத்தான் இருக்கும்னு வுட்டுட்டேன்" என்றார்.

அவர் ஒன்றும் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

கார்க்காரர் பியூரெட்டையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்நேரம் நான் கிருமாம்பாக்கம் ரோட்டுல நூத்தி இருவதுல போய்க்கினு இருந்திருப்பேன்" என்றார் மெதுவாக. பிறகு என்னிடம், "டீ குடிச்சீங்களா மேடம்?" என்று கேட்டார். அவ்வளவுதான் அவர் சமாதானம்.

மறுநாள் ஞாயிறு காலை பாய் சின்ன கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு அந்த மேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தார். ஒட்டுக்குள் ஆழமாகப் போய்விடக் கூடாது என்பதால் மேட்டில் மட்டும் கை வைத்துவிட்டு, மிச்சத்தைக் குழியின் ஓரங்களில் பரவலாக எடுத்தார். அவர் தேய்ப்பார், நான் அளப்பேன். 27.9. 29.0. 30.1. பொறுமையாக, இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை. 30.5 வந்ததும் தம்பி போதும் என்று கை காட்டினான். அன்று எனக்கு எங்கேயும் போகவேண்டிய அவசரம் இல்லை. ஒவ்வொரு அளவையும் இரண்டு தடவை பார்த்தேன். செப்புக் காஸ்கெட்டைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இளகி மறுபடி உபயோகத்துக்கு வந்துவிடுமாம், அதையும் பாயே செய்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்ஜின் மறுபடி ஓடியது.

ரோட்டில் விட்டுப் பார்க்கும்போது நானும் வருவேன் என்று அடம்பிடித்துப் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். கார்க்காரர் ஓட்டினார், தம்பி பக்கத்தில். புதுச்சேரி ரோட்டில் கொஞ்ச தூரம் நிதானமாகப் போய், எல்லாம் சூடான பிறகு, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் கார்க்காரர் ஒரு மிதி மிதித்தார். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த டக் டக் சத்தம் வருகிறதா என்று மட்டும் கேட்டேன். தம்பி தலையைச் சாய்த்து அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான். மறுபடி ஒரு மிதி. இன்னொரு மிதி. சீராக இழுத்துக்கொண்டே போனதே தவிர ஒரு தட்டல்கூட இல்லை. தம்பி பின்னால் திரும்பி என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். முந்தாநாள் மதியத்துக்கு அப்புறம் அவன் என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான். இல்லை, முந்தாநாள்கூட இல்லை, நேற்று மதியம்தான். அவ்வளவு நீளமான நாளாக அது இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. காற்றில் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொன்னேன், ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது.

சிதம்பரம் பஸ் ஏற்றிவிட வந்தபோதுதான் தம்பி பேசினான்.

"நீ வராம இருந்து பிஸ்டன் ஒடஞ்சிருந்தா, நான் பெட்ரோல் மேலதான் பழியப் போட்டிருப்பேன்க்கா. இல்லன்னா பாய் மேல. உன் அளவு மேல எனக்குச் சந்தேகமே வந்திருக்காது."

திட்டுக்காக ஒருநாள் முழுக்கக் காத்திருந்தேன். அதற்குப் பதில் இதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். கண்டக்டர் இரண்டாவது தடவை கேட்ட பிறகுதான் நான் டிக்கெட் வாங்கினேன்.

அடுத்த வாரப் பந்தயத்தில் அந்த வெள்ளைக் காருக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் பந்தயம் முழுக்க ஓடி, போன மாதிரியே முழுசாகத் திரும்பி வந்தது. அதற்குப் பின்னால் புதுச்சேரியிலிருந்து இன்னொரு காரும் வந்தது. சித்திரை பிறப்பதற்கு முன்னால் ஒருநாள் அப்பா ஏஜெண்டிடமிருந்து பாஸ்போர்ட்டை வாங்கிவந்து பீரோவில் வைத்தார், அவ்வளவுதான். தம்பி இன்றும் முதுநகரில்தான் இருக்கிறான்.

என்ஜினைச் சரிசெய்த அந்த ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமை, நான் ஆய்வகத்துக்குப் போனதும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு நோட்டை வாங்கினேன். சிவப்பு மையை அழிக்க முடியாது. நான் அடித்த 11.2-க்குப் பக்கத்தில் மறுபடியும் 11.2 என்று எழுதி, 'சரி' என்று போட்டுக் கையெழுத்து வைத்தேன். அவள் அதையும் என்னையும் திருதிருவென்று பார்த்தாள். அவளிடம் காரணம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் ஒரு பீரியட் முழுசாகப் போயிருக்கும். பதினான்கு வருடத்தில் என் பேனா எத்தனை நோட்டுகளில் எத்தனை பேரின் சரியான அளவை அடித்திருக்கும் என்று அன்று ஒரு கணக்குப் பார்க்க நினைத்து, முடியாமல் விட்டுவிட்டேன்.

இப்போதும் மூன்று ஒன்றாக நின்று நான்காவது மட்டும் தள்ளி நிற்பதைப் பார்த்தால், பேனாவை எடுக்கும் முன் ஒரு பயம் எட்டிப்பார்க்கிறது. அந்தப் பயம் கடைசிவரை என்னோடு இருக்கட்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன்.